அத்தியாயம் 4: எதற்குப் பெயர்?

மோகனூர்ப் பக்கம் வாழவந்தி என்று ஒரு கிராமம் இருக்கிறது. கொல்லிமலைமேல் வாழவந்தி நாடு என்று ஓர் ஊராட்சி இருக்கிறது. கொங்கு மண்டலத்தின் 24 நாடுகளை வரிசையாகச் சொல்லும் பழைய பட்டியலிலும் வாழவந்தி நாடு வருகிறது. பழைய பத்திரத்திலோ கல்வெட்டுப் படியிலோ ‘வாழவந்தி’ என்று பார்த்தவுடன் வரைபடத்தில் புள்ளி வைக்கிறவர், இந்த மூன்றில் எதை நினைத்து வைத்தார் என்பது பத்து வருஷம் கழித்து அவருக்கே தெரியாது.

ஊர்ப்பெயர் சேகரிப்பு என்றாலே நம் ஆட்களுக்குப் பெயர்க்காரணம்தான் நினைவுக்கு வரும். சேலம் என்பது சேரலமா, சைலமா, சேலையா என்று திண்ணைப் பேச்சு நாள் முழுக்க ஓடும். ரா.பி. சேதுப்பிள்ளையின் ‘தமிழகம் ஊரும் பேரும்’ 1946இல் வந்த பிறகு அந்த ஆசை பள்ளிக்கூடத் தமிழாசிரியர் வரைக்கும் பரவியது. ஆசையில் தப்பில்லை. ஆனால் வரலாற்று நிலப்பட வேலையில் அது கடைசியாகச் செய்ய வேண்டியது. முதலில் கேட்க வேண்டியது, இந்தப் பெயர் எந்தப் பொருளுக்கு, எதுவரைக்கும், யார் வாயில், எந்தக் காலத்தில் என்பதுதான்.

ஏனென்றால் பெயர் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஏரிக்கு வைத்த பெயர் ஊருக்கு ஏறும். ஊர்ப்பெயர் ரயில் நிலையத்துக்கு ஏறும். நிலையத்தைச் சுற்றிப் புது ஊர் முளைத்தால், அசல் ஊர் ‘பழைய’ என்ற அடைமொழியோடு ஒதுங்கிக்கொள்ளும். ஆகவே உங்கள் பதிவேட்டின் முதல் கட்டத்தில் பெயரை எழுதாதீர்கள். பொருளை எழுதுங்கள்: ஏரி, ஏரியின் மதகு, கரடு, பாறை, தடம், கோயில், வளவு, கிணறு. பெயர் இரண்டாவது கட்டத்துக்குப் போகட்டும்.

புறப்படும் முன்

வெறுங்கையோடு போய் “உங்க ஊர்ல என்னென்ன இடம் இருக்குதுங்க?” என்று கேட்டால் கிடைப்பது, கோயில் பெயர்களும் பேருந்து நிறுத்தங்களும்தான். கையில் படம் இருந்தால்தான் பேச்சு நிலத்தில் இறங்கும்.

இந்திய நில அளவைத் துறையின் பழைய தாள் வரிசையில் சேலம் நகரம் 58 ஐ/2 எண் தாளில் வரும். நாமக்கல் 58 ஐ/4. திருச்செங்கோடும் சங்ககிரியும் 58 இ/15. தாள் ஒவ்வொன்றும் கால் பாகை நீளம், கால் பாகை அகலம். இன்றைய பதிப்புகளை இணையத்திலேயே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். பழைய ஓர் அங்குலத் தாள்கள் கிடைத்தால் அவற்றை விடாதீர்கள். ஆனால் ஒரு எச்சரிக்கை. பழைய தாள்கள் எவரெஸ்ட் கோளவடிவக் கணக்கில் போட்டவை. உங்கள் கைப்பேசியின் ஜி.பி.எஸ். வேறு கணக்கில் ஓடுகிறது. திருத்தாமல் ஒன்றின்மேல் ஒன்றை வைத்தால், நம் பகுதியில் நூறு மீட்டருக்கும் மேல் தள்ளி விழும். ஏரிக்கரைமேல் இருக்க வேண்டிய முனியப்பன் தண்ணீருக்குள் நிற்பார். பாறை உச்சி, கோபுரம், பழைய மதகு என்று இடம் மாறாத மூன்று நான்கு பொருள்களை இரண்டு படத்திலும் பிடித்துப் பொருத்திய பிறகே மற்றதைப் பாருங்கள்.

அடுத்தது வருவாய்த் துறைப் படங்கள். கிராம வரைபடம், புலப்படம் (எஃப்.எம்.பி. என்றால்தான் அலுவலகத்தில் புரியும்), அ பதிவேடு. அ பதிவேட்டைப் பலர் உரிமையாளர் பெயர் பார்க்க மட்டும் புரட்டுகிறார்கள். நமக்கு வேண்டியது அதில் உள்ள பழைய புல எண்ணும் குறிப்புக் கட்டமும்தான். புறம்போக்கு என்று வருகிற ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே ஏரி, ஓடை, வண்டிப்பாதை, சுடுகாடு, களம் என்று ஒரு சொல் இருக்கும். அவற்றை மட்டும் தனியே எழுதி எடுத்துப் போங்கள். அது கேள்விப் பட்டியல். இன்று தெரியும் புல எண்கள் பெரும்பாலும் 1980களில் நடந்த யு.டி.ஆர். என்னும் நிலப் பதிவேட்டுத் திருத்தத்தில் வந்தவை; அதற்கு முந்தைய பத்திரம் எதையும் பழைய எண் இல்லாமல் நிலத்தில் பொருத்த முடியாது.

மாவட்ட எல்லையும் நகர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. நாமக்கல் தாலுகா 1910 முதல் 1929 வரை திருச்சி மாவட்டத்தில் இருந்தது. தருமபுரி 1965இல் சேலத்திலிருந்து பிரிந்தது. நாமக்கல் தனி மாவட்டமாக 1997இல் இயங்கத் தொடங்கியது. எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் 1920ஆம் ஆண்டு நாமக்கல் கோப்பைச் சேலம் பெயரில் தேடினால் நாள் வீணாகும்.

பழைய ஆவணங்கள் எல்லாவற்றையும் ஒரே தரமாக எடுக்கக் கூடாது. ஒவ்வொரு அளவையும் தனக்கு வேண்டிய பெயரைத்தான் கேட்டது. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி பாரமகாலும் சேலமும் கும்பெனிக்கு வந்ததும், அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழ் தாமஸ் மன்றோவும் அளக்கத் தொடங்கினார்கள். அவர்கள் தேடியது வரி. ஆகவே அந்தப் பதிவுகளில் வயலுக்கும் ஏரிக்கும் பெயர் கிடைக்கும். 1802இல் பரங்கிமலை அருகே அடிக்கோடு போட்டு லாம்டன் தொடங்கிய முக்கோண அளவைக்கு மலை உச்சிகள்தான் தேவை. அடிவாரத்து ஊர்கள் அவர்களுக்குத் துணைக்குறிப்பு. காலின் மெக்கன்சியின் ஆட்கள் ஊர் ஊராகப் போய், ஊர் வரலாறுகளான கைபீதுகளை எழுதி வாங்கினார்கள். அதில் கதையும் வம்சமும் உண்டு, இடத்தின் அளவு இருக்காது. 1858இல் தொடங்கிய சென்னை மாகாண வருவாய் அளவைதான் கிராமத்தைப் புலம் புலமாகப் பிரித்துப் படம் போட்டது. லெ ஃபானு 1883இல் வெளியிட்ட சேலம் மாவட்டக் கையேடும், ரிச்சர்ட்ஸ் 1918இல் வெளியிட்ட கெசட்டியரும் இவற்றையெல்லாம் திரட்டியவை. ஓர் ஏரியின் பெயர் மன்றோ காலத்தில் இருந்து, லாம்டன் தாளில் இல்லை என்றால், இடையில் ஏரி அழிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. அவர் அதைக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

காடு என்றால் காடல்ல

வெளியூரிலிருந்து வரும் பதிவாளர் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான். நம் பக்கத்தில் “காட்டுக்குப் போறேன்” என்றால் மேட்டு நிலத்துக்கு உழவுக்கோ களைக்கோ போகிறார் என்று பொருள். மரவள்ளியும் நிலக்கடலையும் சோளமும் விளைகிற புஞ்சைதான் காடு. கிணற்றுப் பாசனம் இருந்தால் அது தோட்டம். நெல் விளைந்தால் வயல். ‘மேட்டுக்காடு’, ‘கரட்டுக்காடு’ என்று கேட்டு வரைபடத்தில் பச்சை வண்ணம் அடித்து வனமாக்கிவிட்டால், அடுத்த தலைமுறை ஆய்வாளர் அங்கே காடழிப்பு வரலாறு எழுதிவிடுவார்.

பள்ளம் என்பது குழி அல்ல, மழைக்காலத்தில் தண்ணீர் ஓடும் ஓடை. கரடு என்பது தனித்து நிற்கும் சிறு குன்று. மலை என்று சொல்ல மாட்டார்கள். தடம் என்பது பாதை. இரண்டு பக்கமும் கிளுவை வேலி வைத்து நடுவில் வண்டி போகிற பாதை இட்டேரி. இட்டேரிகளைத் தவறாமல் பதியுங்கள். தார் போட்டு அகலமாக்கும்போது முதலில் போவது அந்த வேலிதான், வேலியோடு சேர்ந்து சொல்லும் போய்விடும். பழைய சந்தைக்கும் கோயிலுக்கும் ஊருக்கும் இடையே இருந்த போக்குவரத்தை இட்டேரி வரிசை காட்டுகிற மாதிரி வேறெதுவும் காட்டாது.

குடியிருப்புச் சொற்களைச் சேலம் நாமக்கல் சமவெளியின் எந்தப் பக்கத்தில் கேட்டீர்கள் என்பதோடு எழுதுங்கள். திருச்செங்கோட்டுப் பக்கமும் காவிரி ஓரமும் வலசும் பாளையமும் அதிகம். சேலத்தைச் சுற்றி வளவு, காட்டுவளவு. ஓமலூரைத் தாண்டி வடக்கே போகப் போகக் கொட்டாய். ஒரு குடும்பம் தன் நிலத்தில் போட்ட கொட்டாய் மூன்று தலைமுறையில் முப்பது வீட்டு ஊராகியிருக்கும். பெயரில் இன்னும் கொட்டாய் நிற்கும். அப்படிப்பட்ட ஊருக்கு முதல் குடும்பம் வந்த காலத்தைக் கேட்டுப் பாருங்கள். தேதி கிடைக்காது. ஆனால் “மேட்டூர் அணை கட்டுறதுக்கு முன்னாலயே வந்துட்டாங்க” என்பதுபோல ஒரு விடை கிடைக்கும். அதையே எழுதுங்கள், நீங்களாக ஓர் ஆண்டுக்கு மாற்றாதீர்கள்.

மேல், கீழ் என்பவற்றிலும் கவனம். கிராமத்தில் வழி சொல்கிறவர் இடது வலது என்று சொல்வதில்லை. மேக்கால, கெழக்கால, வடக்கால, தெக்கால என்பார். ‘மேலக்காடு’ என்றால் மேற்கே உள்ள காடு. ஆனால் எதற்கு மேற்கே? சொன்னவர் வீட்டுக்கா, ஊர்க் கோயிலுக்கா? அடுத்த வளவில் இருப்பவர் அதே நிலத்தைக் ‘கீழக்காடு’ என்று சொன்னால் இரண்டும் சரி. எங்கே நின்று சொன்னார் என்ற ஒரு குறிப்பு இல்லாவிட்டால் இரண்டும் பயனற்றவை.

யாரிடம் கேட்பது

அயர்லாந்தில் 1824இல் தொடங்கிய பிரிட்டிஷ் நில அளவையும், பிறகு ஸ்காட்லாந்தில் நடந்ததும் இடப்பெயர்களைப் பதியவென்றே பெயர்ப் புத்தகங்களை வைத்திருந்தன. ஒவ்வொரு பெயருக்கும் எத்தனை எழுத்து வடிவம் உண்டு, எந்த வடிவத்துக்கு யார் சாட்சி என்று தனிக் கட்டம். அயர்லாந்தில் ஜான் ஓ’டோனவன் போன்ற மொழி அறிந்தவர்களே ஊர் ஊராக நடந்தார்கள். அந்த முறையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அவர்கள் சாட்சி தேடிய வரிசையை நாம் எடுக்க வேண்டாம். நிலக்கிழார், பாதிரியார், பள்ளி ஆசிரியர் சொல்லுக்குத்தான் அங்கே மதிப்பு. எழுத்துக்கூட்டலுக்கு அது ஒருவேளை சரியாக இருக்கலாம். பள்ளத்தில் எந்த வளைவுக்கு என்ன பெயர் என்று நிலக்கிழாருக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை.

நம் பக்கத்தில் நிலத்தைக் காலால் அளப்பவர்கள் ஆடு மேய்ப்பவர்கள். நாள்தோறும் எல்லை தாண்டிப் போவதால் இரண்டு ஊர்ப் பெயரும் அவர்களுக்குத் தெரியும். ஏரிப் பாசனம் உள்ள ஊரில் நீர்க்கட்டி வேலை பார்த்தவரோ அவர் மகனோ இருந்தால் ஒவ்வொரு மதகுக்கும் வாய்க்கால் கிளைக்கும் பெயர் வரும். நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்கள் இன்னொரு பெரிய வளம். பத்துப் பதினைந்து வருஷமாக ஊரின் ஒவ்வொரு குட்டையையும் வரப்பையும் வெட்டியவர்கள் அவர்கள். மதியம் மரத்தடியில் உட்காரும் நேரத்தில் போனால், ஒருவர் சொல்வதை மற்றவர் திருத்துவார். அந்தத் திருத்தம்தான் உங்களுக்கு வேண்டும்.

கேட்கும் விதம் முக்கியம். இப்படி ஒரு பேச்சு எல்லா ஊரிலும் நடக்கும்:

“ஆயா, இந்த ஏரிக்கு என்னங்க பேரு?”

“ஏரிக்குப் பேரென்ன கண்ணு பேரு, ஏரிதான்.”

“பக்கத்து ஊர்க்காரங்க இதை எப்படிச் சொல்லுவாங்க?”

“அவிங்க எங்க ஊர்ப் பேரைச் சொல்லி அந்த ஊரு ஏரிம்பாங்க.”

இந்தப் பதிலில் சலிப்படைந்துவிடாதீர்கள். ஊருக்குள் ஒரே ஏரி இருந்தால் அதற்குப் பெயர் தேவையில்லை. வெளியாளுக்குத்தான் பெயர் தேவை. ‘உள்ளூரில் பெயர் இல்லை, ஏரி என்றே வழக்கு, அயலூரில் ஊர்ப்பெயரோடு சேர்த்து வழக்கு’ என்பதே முழுமையான பதிவு. பெயரைக் கேட்டே தீர வேண்டும் என்று நெருக்கினால், மரியாதைக்காக ஒரு பெயரை உண்டாக்கித் தந்துவிடுவார்கள். பெயரைக் கேட்பதைவிட வழியைக் கேட்பது நல்லது. “மாட்டைத் தண்ணிக்கு எந்தப் பக்கமா ஓட்டிட்டுப் போவீங்க?” என்று கேளுங்கள். விடையில் நான்கு இடப்பெயர் தானாக வந்து விழும்.

எழுத்தில் உள்ள உள்ளூர்ச் சான்றுகளையும் பாருங்கள். மின்மாற்றிக் கம்பங்களில் எழுதியிருக்கும் பெயர்களை யாரும் இதுவரை மதித்ததாகத் தெரியவில்லை. ஒரு கிராமத்தில் இருக்கும் எல்லா டிரான்ஸ்ஃபார்மர் பெயர்களையும் படம் எடுத்தால், பாதித் தோட்டங்களின் பெயர் கிடைத்துவிடும். நகரப் பேருந்தின் ஸ்டேஜ் பட்டியல், வாக்குச்சாவடிப் பட்டியல், பால் சங்கப் பலகை எல்லாம் உதவும். 1980 நவம்பரில் பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகள் ஒழிக்கப்பட்டன. அதுவரை கணக்குப்பிள்ளையாகவோ மணியக்காரராகவோ இருந்தவர் வீட்டுப் பரணில் பழைய கணக்குகள் இருக்கக்கூடும். பணிவாகக் கேளுங்கள். படம் மட்டும் எடுத்துக்கொண்டு அங்கேயே திருப்பி வையுங்கள்.

எழுதும் முறை

காதில் விழுந்ததை முதலில் தமிழில் எழுதுங்கள். ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து தமிழாக்கினால் ளகரமா ழகரமா, டகரமா தகரமா என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டும். 2020 ஜூனில் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை வெளியிட்டு, எதிர்ப்பும் கேலியும் கிளம்பியதும் சில நாளிலேயே திரும்பப் பெற்றதை நினைவில் வையுங்கள். அரசே தடுமாறும் இடம் அது. நமக்கு அந்தச் சண்டை தேவையில்லை; தமிழ் வடிவம் முதன்மை, ஆங்கில வடிவங்கள் எல்லாம் ஆண்டோடு சேர்ந்த சான்றுகள்.

ஒரே ஊருக்குப் பல வடிவம் இருந்தால் ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றதை அடிக்காதீர்கள். சங்ககிரி, சங்கரி, சங்கரி துர்க்கம். குமாரபாளையம், கொமாரபாளையம். பரமத்தி வேலூர், ப.வேலூர். நாமக்கல்லுக்கு ஆரைக்கல் என்று ஒரு பழம்பெயர். வடிவம் ஒவ்வொன்றும் தனி வரி. ஒவ்வொரு வரிக்கும் ‘எங்கே பார்த்தது அல்லது யார் சொன்னது’ என்ற குறிப்பு. சொன்னவர் பெயர் வேண்டியதில்லை. தோராய வயது, தொழில், பிறந்த ஊரா வாழ்க்கைப்பட்டு வந்த ஊரா என்பது போதும். வாழ்க்கைப்பட்டு வந்த பெண் தன் பிறந்த ஊர்ச் சொல்லைப் புகுந்த ஊர் நிலத்துக்கு வைத்துச் சொல்வது சாதாரணமாக நடப்பது.

ஒரு பதிவு எப்படி இருக்க வேண்டும் என்பதற்குப் புதன்சந்தையை எடுத்துக்கொள்வோம். சேலம் நாமக்கல் நெடுஞ்சாலையில் இருக்கிறது. பொருள்: சந்தைத் திடல், பிறகு அதைச் சுற்றிய குடியிருப்பு, பிறகு பேருந்து நிறுத்தம். ஒரே பெயர், மூன்று பொருள். ஆகவே மூன்று புள்ளி, மூன்று பதிவு. திடலின் நான்கு மூலையும் தனித்தனியாக அளக்கப்பட வேண்டும். பெயரில் புதன் இருப்பதால் சந்தை புதன்கிழமை என்று மேசையில் உட்கார்ந்து எழுதிவிடக் கூடாது. இன்று மாடு எந்தக் கிழமை, காய்கறி எந்தக் கிழமை, முன்பு எப்படி இருந்தது என்று சந்தைக்காரர்களிடமே கேட்டு, கேட்ட தேதியோடு எழுத வேண்டும். சேலத்துச் செவ்வாய்ப்பேட்டைக்கும் இதே விதி.

பொருள் போனபின் நிற்கும் பெயர்

சேலம் ஈரோடு ரயில் பாதையில் மகுடஞ்சாவடி இருக்கிறது. பழைய ரயில்வே ஆவணங்களில் இந்த நிலையத்தின் பெயர் மெக்டொனால்டு சத்திரம் என்ற பொருளில் ஆங்கிலத்தில் இருக்கும். சாவடி என்ற சொல் அந்தச் சத்திரத்தை இன்னும் தாங்கி நிற்கிறது. அங்கே போகிறவர் ஊர்ப்பெயரை எழுதிவிட்டு வந்தால் வேலை முடிந்ததாகாது. சாவடி எங்கே இருந்தது? இப்போது அந்த இடத்தில் என்ன இருக்கிறது? கல் தூண் ஏதாவது வேறு கட்டடத்தில் கட்டப்பட்டிருக்கிறதா? இந்தக் கேள்விகளுக்கு ஊரில் விடை தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

‘கைகாட்டி’ என்ற நிறுத்தங்களும் அப்படித்தான். கை வடிவத்தில் வழி காட்டிய மரப்பலகை போய்ப் பச்சை வண்ண உலோகப் பலகை வந்து, அதுவும் மேம்பாலத்துக்காகப் பிடுங்கப்பட்டிருக்கும். நடத்துநர் இன்னும் “கைகாட்டி இறங்கு” என்பார். ஆலமரத்துப் பஸ் ஸ்டாப்பில் ஆலமரம் இருக்காது. நான்கு வழிச்சாலை போட்டபோது நெடுஞ்சாலை ஓரத்துப் புளியமரங்கள் போயின. மரத்தின் பெயரில் இருந்த நிறுத்தங்கள் மட்டும் மிச்சம். இவற்றுக்குப் ‘பொருள் இல்லை, பெயர் உண்டு’ என்று ஒரு குறி வைத்துக்கொள்ளுங்கள். சாலை எண்களையும் இதே கவனத்தோடு எழுதுங்கள்: சேலம் நாமக்கல் நெடுஞ்சாலை முன்பு என்.எச். 7, இன்று 44; சேலம் கோவைச் சாலை 47ஆக இருந்து 544 ஆனது; உளுந்தூர்பேட்டைச் சாலை 68ஆக இருந்து 79 ஆனது. ‘என்.எச். 47 ஓரம்’ என்று மட்டும் இருக்கும் பழைய பதிவை இன்றைய பட்டியலில் தேடினால் வேறு எங்கோ கொண்டுபோய் விடும்.

இந்த வகையின் பெரிய எடுத்துக்காட்டு மேட்டூர். 1925இல் தொடங்கி 1934இல் முடிந்த அணை, காவிரிக் கரையின் பல ஊர்களை மூழ்கடித்தது. கோடையில் நீர்மட்டம் இறங்கும்போது பண்ணவாடிப் பக்கம் ஜலகண்டேஸ்வரர் கோயிலின் நந்தியும், பழைய தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியும். பார்க்கக் கூட்டம் போகும். பதிவாளருக்கு அது மூன்று கட்ட வேலை. மூழ்கிய இடம் ஒன்று, அதை அணைக்கு முந்தைய தாளில் குறிக்க வேண்டும். ஊர்மக்கள் குடியேறிய இடங்கள் இரண்டாவது. பலர் பழைய ஊர்ப்பெயரையும் சாமியையும் கூடவே கொண்டு போயிருப்பார்கள். மூன்றாவது, தண்ணீரின் மேற்பரப்பில் மீனவர்களும் பரிசல்காரர்களும் இன்று சொல்லும் பெயர்கள். அடியில் இருக்கும் பாறையும் கோயிலும் எங்கே என்று வலை வீசுகிறவருக்குத் தெரிந்தாக வேண்டும், இல்லாவிட்டால் வலை கிழியும். நீர்மட்டம் இறங்கும் காலத்துக்காகக் காத்திருக்காமல் அவர்களிடம் கேளுங்கள்.

கல்லும் சாமியும் புகைக்கூண்டும்

அடையாளப் பொருள்களில் கல்லுக்கு முதலிடம் கொடுங்கள். நடுகல்லைப் பெரும்பாலும் யாராவது சாமியாகக் கும்பிட்டுக்கொண்டிருப்பார்கள். ‘வேடியப்பன்’ என்றோ ‘வீரகாரன்’ என்றோ உள்ளூர்ப் பெயர் இருக்கும். ‘நடுகல்’ என்று நீங்கள் எழுதுங்கள், அவர்கள் சொல்லும் பெயரையும் எழுதுங்கள். செருப்போடு கிட்டப் போகாதீர்கள்; எழுத்துத் தெரிய வேண்டும் என்று எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டாதீர்கள். சாலையோரச் சுமைதாங்கி, கர்ப்பத்தோடு இறந்த பெண்ணின் நினைவாக வைத்தது என்று சொல்வார்கள். அது தலைச்சுமை வழியின் அடையாளமும் கூட. இரண்டு சுமைதாங்கியை இணைத்தால் பழைய பாதை கிடைக்கும்.

கரட்டு உச்சியில் பாறையில் வட்டமும் நடுவில் புள்ளியும் வெட்டியிருந்தால் அது முக்கோண அளவையின் நிலையக் குறியாக இருக்கலாம். தொடாதீர்கள், சுண்ணாம்பு பூசாதீர்கள். தாளில் முக்கோணமும் உயரமும் போட்டிருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

பழமை மட்டும்தான் வரலாறு என்று நினைத்துச் சேகோ ஆலைப் புகைக்கூண்டையும் கோழிப்பண்ணைக் கொட்டகையையும் தறிப் பட்டறையையும் விட்டுவிடாதீர்கள். நாமக்கல் கிராமங்களில் இன்று வழி சொல்வதே பண்ணையை வைத்துத்தான். ஐம்பது வருஷம் கழித்து இந்த நிலத்தைப் படிக்கிறவருக்கு, முட்டையும் ஜவ்வரிசியும் லாரியும் இந்தச் சமவெளியை எப்படி மாற்றின என்பது இந்தப் பெயர்களில்தான் தெரியும்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பு. பாதுகாப்பில்லாத சிற்பம், செப்புத் திருமேனி, பழைய ஈமக்குழி இவற்றின் துல்லியமான புள்ளியைப் பொதுப் படத்தில் போடாதீர்கள். புதையல் ஆசையில் தோண்டுகிறவர்களுக்கு நாம் வழிகாட்ட வேண்டாம். கிராம அளவில் குறித்துவிட்டு, துல்லியப் புள்ளியைத் தொல்லியல் துறைக்கு மட்டும் கொடுங்கள்.

வரப்பில் நின்று கேட்கும் கேள்வி

கையில் கருவியும் படமும் வைத்துக்கொண்டு நடந்தால், சேலம் பக்கத்தில் யாராவது வரப்பிலிருந்து கேட்பார்கள்: “எட்டு வழிச்சாலைக்குங்களா?” 2018இல் சென்னை சேலம் விரைவுச்சாலைக்காக வயல்களில் கல் நட்டதையும், பிடுங்கி எறிந்த பெண்களையும் இந்தப் பகுதி மறக்கவில்லை. 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் கையகப்படுத்தலை ரத்து செய்தது, 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் புது அறிவிக்கையோடு தொடரலாம் என்றது. பயம் இன்னும் தீரவில்லை. ஆகவே முதல் நாள் அளக்காதீர்கள். ஊராட்சித் தலைவரிடமும் வி.ஏ.ஓ.விடமும் சொல்லுங்கள், டீக்கடையில் சொல்லுங்கள், பள்ளியில் சொல்லுங்கள். படத்தைச் சுருட்டி வைக்காமல் விரித்துக் காட்டுங்கள். புல எண்ணோடு உரிமையாளர் பெயரை எங்கும் சேர்த்து எழுதாதீர்கள். “வேண்டாங்க” என்று ஒருவர் சொன்னால் அவர் நிலத்தைத் தாண்டிப் போய்விடுங்கள்.

சாதி ஒட்டிய பெயர்கள் அடுத்த சிக்கல். 2025 ஏப்ரலில், தலித் குடியிருப்புகளைக் குறிக்க வழங்கும் ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப் போவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஊர்க்காரர்கள் ‘காலனி’ என்று கைநீட்டிக் காட்டும் இடத்துக்கு, அங்கே குடியிருப்பவர்கள் வேறு பெயர் வைத்திருப்பார்கள். என் நிலைப்பாடு இது: வரைபடத்தில் அச்சாவது குடியிருப்பவர்கள் சொல்லும் பெயர். மற்றவர்கள் சொல்லும் பெயர், பழைய பதிவேட்டில் உள்ள இழிபெயர் உட்பட, பதிவேட்டில் மட்டும் இருக்கும். எந்த ஆவணம், எந்த ஆண்டு, யார் வழக்கு என்ற குறிப்போடு. அழித்துவிட்டால் அப்படி ஒரு காலம் இருந்ததற்குச் சாட்சி போய்விடும். படத்தில் போட்டால் அந்தக் காலத்தை நாமே நீட்டிப்பதாகும்.

கடைசியாக, சேகரித்ததை ஊரில் வாசித்துக் காட்டாமல் எதையும் முடிவாக்காதீர்கள். கோயில் திடலில் ஒரு மாலை நேரம், பெரிய தாளில் போட்ட படம், ஒலிபெருக்கி வேண்டாம். ஆண்கள் முன்வரிசையில் உட்கார்ந்து பேசி முடித்துவிடுவார்கள். ஆகவே மறுநாள் பகலில் பெண்களுக்கு இன்னொரு முறை வாசியுங்கள். எல்லைப் பள்ளத்துக்கு இக்கரையில் ஒரு பெயரும் அக்கரையில் ஒரு பெயரும் இருந்து, இரண்டு ஊரும் விட்டுக்கொடுக்காவிட்டால், தீர்ப்புச் சொல்ல நிற்காதீர்கள். ஒவ்வொரு பெயரையும் அந்தந்தக் கரையின் பக்கமே எழுதிவிடுங்கள்.